அம்மா தடுத்த சத்தியம்

நான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்து, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம் அது. எங்கள் ஊர் புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வரிசைப்படுத்தினால்தான் என்னால் இதை அழாமல் சொல்ல முடியும்.

1. திருப்பதியில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது.

2. தையல் பிரித்த பிறகும் வலி நிற்கவில்லை. "உடம்பு சூடு, மோர் குடிங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

3. சென்னையில் வேறொரு ஆஸ்பத்திரியில் மறுபடி வயிற்றைத் திறந்து, உள்ளே அழுகிக் கிடந்த பஞ்சுத் துணியை எடுத்தார்கள். கூடவே குடலில் ஒரு பகுதியையும்.

4. அதன்பின் அம்மாவால் குனிந்து நாற்று நட முடியவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை.

5. சித்தூர் நுகர்வோர் மன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம்.

காசு கொடுத்து வைத்தியம் பார்த்தவரும் நுகர்வோர்தான் என்று ஆபீஸ் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சென்னை ஆஸ்பத்திரியின் அறிக்கையைப் பார்த்த வக்கீல், "கேஸ் நிக்கும்மா" என்றார்.

விசாரணை முடியும் நேரத்தில், ஆபரேஷன் செய்த டாக்டருக்கு வேண்டிய மாங்காய் மண்டிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "கோர்ட்டு எதுக்கு? காணிப்பாக்கம் புள்ளையார் கோயிலுக்குப் போலாம். டாக்டரு குளத்துல முழுகிட்டு, துணிய நான் உள்ள வுடலன்னு சாமி முன்னாடி சத்தியம் பண்ணட்டும். பண்ணா கேஸ வாபஸ் வாங்கிக்கோங்க. பண்ணலன்னா கேட்டத குடுத்துடுவாரு."

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு கோர்ட் கிடையாது. அந்தப் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்தால் வம்சமே விளங்காது என்பார்கள். நான் எவ்வளவோ தடுத்தேன். அப்பா, எங்கள் வழக்கில் நைனா, கேட்கவில்லை. "அவன் பண்ணமாட்டான், பாத்துக்கினே இரு" என்றார். அம்மாவும் தலையாட்டினாள்.

குறித்த நாளில் டாக்டர் கோயிலுக்கு வந்தார். காரில் அவர் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். அவர் குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு படியேறினார். அப்போது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள்.

"வேணா சார். ரெண்டு பொண்ணு வச்சிக்கினு இருக்கீங்க. பண்ணாதீங்க."

"இன்னாடி பண்ற? அவன் வாயத் தொறக்கட்டும்!" என்று நைனா கத்தினார்.

"தொறந்துட்டா? என் வயிறு போனது போவட்டும். அந்தப் புள்ளைங்க இன்னா பண்ணுச்சி?"

டாக்டர் தலை நிமிரவில்லை. அம்மாவைக் கும்பிட்டுவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

சத்தியம் செய்யவில்லையே, பேசியபடி நஷ்டஈடு வரும் என்று நைனா காத்திருந்தார். வரவில்லை. போய்க் கேட்டதற்கு மண்டிக்காரர் சிரித்தார். "அவரு ரெடியாத்தான் நின்னாரு. தடுத்தது உங்க வூட்டம்மா தானே?"

வழக்கையாவது நடத்தலாம் என்றேன். அம்மா சம்மதிக்கவில்லை. "சாமி வாசல்ல வுட்டத கோர்ட்டுல போய் எடுக்கக்கூடாது" என்று சொல்லி வாபஸ் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு அதோடு முடிந்தது. அம்மா இன்றும் வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டுதான் எழுந்து நடக்கிறாள். நர்சிங் ஹோம் நடந்துகொண்டிருக்கிறது. டாக்டரின் பெண்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. எனக்கு அது இன்னும் வரவில்லை.