சாப்பாட்டு ஜெபத்தில் என் பெயர்

சாப்பிட உட்கார்ந்ததும் என் மாமியார் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைப்பார். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கண்களை மூடுவார். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் அதன் பிறகு மின்விசிறிச் சத்தமும் அவர் குரலும்தான். கல்யாணமாகி வந்த முதல் நாள் நான் சோற்றில் கை வைத்துவிட்டு, என் கணவர் கண்ஜாடை காட்டியதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். மாமியார் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காதது போல இருந்தார்.

நான் சிதம்பரத்துப் பெண். அப்பாவுக்கு ஊருக்கு வெளியே நிலம், நெல்லும் உளுந்தும் போடுவார். வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கும் மார்கழிக் கோலமும் தவறாது. கணவர் குடும்பம் தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள். ஒரே கல்லூரியில் படித்தோம், விரும்பினோம். அப்பா முதலில் மறுத்தார், பிறகு பேசாமல் இருந்தார், கடைசியில் பதிவு அலுவலகத்துக்கு மட்டும் வந்தார். கையெழுத்து முடிந்ததும் என் மாமியாரிடம் போய், எல்லோர் காதிலும் விழும்படி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “எம் பொண்ண உங்க சாமி பக்கம் இழுத்துடாதீங்க. அவ்ளோதான் நான் கேக்கறது.” மாமியார், “சரிங்க, மாட்டேன்” என்றார். அப்பா விருந்துக்கு நிற்காமல் பேருந்து ஏறிவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனாலோ என்னவோ, அவருடைய சாப்பாட்டு ஜெபத்தில் ஆட்கள் வெறும் பெயரோடு வர மாட்டார்கள். “முதுநகர்ல இருக்கிற என் தங்கச்சிய நெனச்சருளும் ஆண்டவரே” என்பார். “செம்மங்குப்பத்துல கம்பெனி ஷிப்ட்ல இருக்கிற என் மகனப் பத்திரமா வீடு கொண்டாந்து சேத்துடும்” என்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பரீட்சை, காய்கறி கொண்டுவரும் அம்மாவின் முழங்கால், சமைத்த கைகள், சாப்பாடு இல்லாதவர்கள் என்று ஒவ்வொருவராக வருவார்கள். ரசத்தில் ஆவி அடங்கிய பிறகுதான் ஆமென் வரும்.

எனக்கு மஞ்சக்குப்பத்தில் அலுவலகம். மதியம் வண்டியில் வீட்டுக்கு வந்துவிடுவேன். கணவருக்குப் பகல் ஷிப்ட் என்றால் மேசையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நான் கண்ணை மூடுவதில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் ஒன்று பிடிபட்டது. அந்த வரிசையில் என் பெயர் மட்டும் வருவதே இல்லை. முதலில் மறதி என்று நினைத்தேன். பிறகு தினமும் காத்திருக்கத் தொடங்கினேன். எல்லோரும் வந்து முடிந்ததும் அத்தை ஒரு கணம் நிறுத்துவார், மூச்சு வாங்குவது போல. இப்போது வரும் என்று நினைப்பேன். ஆமென் வந்துவிடும். அவர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார், கார்த்திகை தீபத்துக்கு அகல் வாங்கி வந்து தருவார். அதனாலேயே அந்த விடுபடல் இன்னும் உறுத்தியது. காய்கறிக்கார அம்மாவின் முழங்காலுக்கு இருக்கும் இடம்கூட எனக்கு இல்லையா என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

இரண்டாம் வருஷம் அப்பா வயல் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மறுநாள் ஆபரேஷன் என்று அம்மா போனில் அழுதாள். அத்தைக்கும் எல்லாம் தெரியும். அன்று மதிய ஜெபத்தில் தங்கச்சி வந்தார், மகன் வந்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தது. அப்பா வரவில்லை. ஆமென் சொல்லி அவர் கண்ணைத் திறந்தபோது நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.

“எங்க அப்பா பேரச் சொன்னா உங்க சாமிக்கு ஆவாதா அத்தே?”

அத்தை உப்புக் கிண்ணத்துப் பக்கம் கையை நீட்டினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒங்க அப்பாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்மா. ஒன் பேரையும் ஒங்க வீட்டாளுங்க பேரையும் ஒன் காதுல விழுற மாதிரி தெனமும் சொன்னா, அது இழுக்கிறதுதான? இன்னைக்கு பேரு, நாளைக்கு நீ கண்ண மூடுவ, அப்புறம் ஒவ்வொண்ணா வரும். அதான் சொல்றதில்ல.”

“அப்ப வேண்டிக்கறதே இல்லியா?”

“எல்லாரையும் சொல்லிட்டு கொஞ்சம் நிறுத்துவேனே, கவனிச்சதில்ல? அது நீதான். இன்னைக்கு ஒங்க அப்பாவும்.”

நான் மூச்சு என்று நினைத்த இடத்தில் இத்தனை நாளும் இருந்திருக்கிறேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “அவரு கேட்டாரு, நீங்க குடுத்தீங்க. எங்கிட்ட யாருமே கேக்கலியே” என்றேன். அத்தை என் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். “சாப்புடு. நீ தெம்பா இருந்தாதான் அங்க போய் நிக்க முடியும்” என்றார்.

அப்பா வீடு திரும்பிய பிறகு, தானும் பார்க்க வருவதாக அத்தை சொன்னார். எனக்கு உள்ளூரப் பயம். படி ஏறாத மனிதர், வந்தவரை எப்படி நடத்துவாரோ. ரஸ்க்கும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பேருந்தில் போனோம். அப்பா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். “வாங்க சம்மந்தி” என்றதோடு சரி. அம்மா எறா தொக்கும் முருங்கைக்கீரையும் செய்து இலை போட்டிருந்தாள். அத்தை உட்கார்ந்தார். தலைப்பை எடுத்துத் தலையில் போடவில்லை, கண்ணாடியைக் கழற்றவில்லை. சும்மா இலையைப் பார்த்தபடி இருந்தார். அவர் உள்ளுக்குள் முடித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. அப்பாவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்புடறதுக்கு முன்னாடி ஏதோ சொல்லுவீங்களாமே.”

“மனசுக்குள்ள சொல்லிட்டேங்க.”

“மனசுக்குள்ள சொன்னா எனக்கு எப்படி கேக்கும்? சோறு எங்க வூட்டுது. என்னா சொல்றீங்கன்னு நானும் தெரிஞ்சிக்கணுமில்ல.”

அது விருப்பமா, விசாரணையா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை தலைப்பை எடுத்தார். அதற்குள் அம்மா, “இருங்க, காக்காய்க்கு வெச்சிட்டு வந்துடறேன்” என்று ஒரு பிடி சோற்றோடு மாடிக்கு ஓடினாள். காக்கை லேசில் வரவில்லை. அம்மா மேலே நின்று கூப்பிடுவது கேட்டது. எல்லோரும் இலை முன்னால் காத்திருந்தோம். அத்தை ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து, “வந்துடுச்சாம்மா?” என்று என்னைக் கேட்டார். அப்பாவின் முகம் அப்போதுதான் சற்று இளகியது.

அம்மா இறங்கி வந்ததும் அத்தை அப்பாவிடம் கேட்டார்: “உங்க பேரச் சொல்லட்டுங்களா?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “சொல்லுங்க. எங்கப்பா பேரோட சேத்துச் சொல்லுங்க. எங்க தெருவுல இதே பேருல இன்னும் ரெண்டு பேரு இருக்கானுங்க.”

அத்தை சிரிக்கவில்லை. தபால்காரியாயிற்றே, அது நியாயமான கோரிக்கையாகத்தான் பட்டிருக்கும். இன்னாருடைய மகன் இன்னார், சிதம்பரத்தில் இன்ன தெரு, வலது இடுப்பு என்று தெளிவாகச் சொன்னார். அம்மா பெயரைச் சொன்னார், நிலத்தைச் சொன்னார், காக்கையைக்கூடச் சொன்னார். என் பெயர் வரவில்லை. அப்பா கண்ணை மூடவில்லை, ஆமென் சொல்லவில்லை. முடிந்ததும், “சாப்புடுங்க, ஆறிடப்போவுது” என்று தொக்குக் கிண்ணத்தைத் தானே எட்டி அத்தை பக்கம் தள்ளினார்.

திரும்பும் பேருந்தில் புதுச்சத்திரம் தாண்டியதும் நான் மெதுவாகக் கேட்டேன். “எல்லாரையும் சொன்னீங்க. என்ன மட்டும் உட்டுட்டீங்களே அத்தே.”

“அவரு பேருக்கு அவரு சரின்னாரு. ஒன் பேருக்கு அவரு எப்படி சொல்ல முடியும்? அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி. ஒங்கிட்டதான் கேக்கணும்.” என் பக்கம் திரும்பினார். “சொல்லட்டுமா?”

கல்யாணத்தைச் சுற்றி எத்தனையோ பேர் எனக்காக எத்தனையோ முடிவு செய்தார்கள். இப்படி ஒருவர் நேராக என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. “சொல்லுங்க” என்றேன்.

நான் இன்றைக்கும் மார்கழியில் கோலம் போடுகிறேன். மேசையில் கண்ணை மூடுவதில்லை. அத்தைக்குக் குரல் தளர்ந்துவிட்டது, ஜெபம் மட்டும் குறையவில்லை. அப்பா மாதத்துக்கு ஒரு முறை வருகிறார், வந்தால் சாப்பிட்டுத்தான் போகிறார். நேற்றும் வந்திருந்தார். அத்தை என் பெயரைச் சொல்லி, மஞ்சக்குப்பத்தில் வேலை, மேலதிகாரி தொந்தரவு கொடுக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா என் பக்கம் சாய்ந்து, “எனக்குச் சொல்லவே இல்லியே நீ” என்று காதோரம் கேட்டார். அத்தை கண்ணைத் திறக்காமல், “கொஞ்சம் இருங்க சம்மந்தி, இன்னும் முடியல” என்றார்.