எங்களை வாங்கில் இருத்தியவருக்குப் பொன்னாடை

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இன்று எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நகரத்துப் பூம்ப்ளிஸ் மண்டபத்தில் அக்காவுக்குப் பாராட்டு விழா. கூடப்பிறந்தவர் அல்ல, ஊரில் எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா. இப்போது எண்பத்தைந்து வயது, ஜெனீவாவில் மகனோடு இருக்கிறார். எனக்கு ஏழு வயதில், எங்கள் ஒழுங்கையிலிருந்து ஐந்து பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர். எங்கள் சாதிப் பிள்ளைகள் அங்கே நிலத்தில்தான் இருக்க வேண்டும். அக்கா எங்களை முன்வரிசைப் பலகை வாங்கில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்தார். மற்றப் பிள்ளைகளைத் தாய்தகப்பன் வந்து கூட்டிப்போய்விட்டார்கள். ஒன்பது நாள் வெறும் வகுப்பில் நாங்கள் ஆறு பேர். பத்தாம் நாள் தொடங்கி ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பிறகு அக்கா அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று போய்க்கொண்டே இருந்தார். அவர் வீட்டுக்கு இரண்டு தரம் நெருப்பு வைத்தார்கள். அவர் விடவில்லை.

ஐந்து மணி விழாவுக்கு நான் மூன்று மணிக்கே சேலை உடுத்திவிட்டேன். ட்ராமில் மகள் சொல்லிவைத்தாள்:

"அம்மா, பேத்திக்குக் கலியாணம் பேசிற நேரம். மாப்பிள்ளை வீட்டாக்களும் வருவினம். கையைத் தட்டிப்போட்டு வருவம், என்ன?"

"நான் எங்கை பிள்ளை கதைக்கப்போறன்?"

மெய்தான். சபையில் நான் வாய் திறந்ததே இல்லை.

ஏழு பேர் பேசினார்கள். "வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கல்விக்கண் திறந்தவர்" என்றார்கள் ஏழு பேரும். சாதி என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. நல்ல சபையில் அதைச் சொல்வது மரியாதையில்லை என்று எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. அக்கா நாலு பொன்னாடைக்குள் வேர்த்துக் குனிந்திருந்தார். செய்தது இன்னதென்று சொல்லாமலே அவரை அனுப்பிவிடப் போகிறார்கள். எப்படி எழும்பினேன் என்று தெரியாது, மேடைப் படியில் நிற்கிறேன்.

அறிவிப்பாளர் மைக்கைக் கையால் பொத்தினார். "ஆச்சி, நேரம் காணாது. அங்கை வடை ஆறுது."

"ரெண்டு சொல்லுத்தான் தம்பி. வடை ஆறட்டும்."

மைக்கை அவர் கையிலிருந்து எடுத்தேன். "அக்கா எங்களுக்குக் கொப்பி பென்சில் தரேல்லை, சட்டை தரேல்லை. வாங்கில இருத்தினவ. எங்கட சாதிப் பிள்ளையளை நிலத்தில இருத்தி வைச்சிருந்தினம். அந்தப் பிள்ளையளிலை நானும் ஒராள்."

மகளைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அக்கா நிமிர்ந்து என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"வாங்கிலையும் நீ சும்மா இருந்தனியே? பயத்திலை என்ரை சீலைத் தலைப்பைச் சப்பிச் சப்பி ஓட்டையாக்கினனி."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணீரும் வந்தது. அதன் பிறகு அக்கா எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொன்னார். சாதிகளின் பெயரும் சொன்னார்.

கீழே இறங்கியதும் மகள் என் கையைப் பிடித்தாள். அவள் கை குளிர்ந்திருந்தது. "சரி, சொல்லியாச்சு. அவையள் வேண்டாமெண்டால் போகட்டும்."

மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்கள். இன்றுவரை போன் இல்லை. ஆனால் அப்போது எனக்கு அதை நினைக்க நேரமிருக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து என் காதோடு, "அம்மா, நாங்களும் உங்கட ஆக்கள்தான்" என்றாள்.

"அதை ஏன் பிள்ளை மெல்லமாச் சொல்லுறாய்? வா, அக்காவுக்குக் கேக்கச் சொல்லு" என்று அவளை இழுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தேன்.