தூக்கி வைத்த கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய் என்று யாராவது வாயைத் திறந்தாலே எழுந்து போகிற ஆள் நான். ஆனால் இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது.

மனநல மருத்துவமனையில் எனக்கு வீடியோ எடுக்கிற வேலை. புதிதாகச் சேர்பவர்களை, முதல் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால், கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, வாயும் விரலும் பாதமும் எப்படி அசைகின்றன என்று பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பிறகு எந்த நடுக்கம் வந்தாலும் மாத்திரை மேல்தான் பழி விழும்.

அன்று வந்தவள் ஒரு தையல்காரரின் தங்கை. ஒன்பது வருடமாக நோய். ஒரு மாத்திரைகூட உள்ளே போனதில்லை.

"வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு வீட்டுலயே வச்சிருந்துட்டோம்," என்று சொல்லிவிட்டு அண்ணன் வெளியே போனார்.

அவள் பேசவில்லை. வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டே இருந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

மணி 2.10. அவளுடைய வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிவிட்டேன். இந்த நோயில் சிலருக்குத் தூக்கிய கை அப்படியே நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு நாம்தான் இறக்கிவிட வேண்டும். அப்படி நின்றால் அதற்குத் தனி மாத்திரை உண்டு. அதைக் கொடுக்காமல் விட்டால் சோறு தண்ணீர் இறங்காமல் உயிருக்கே ஆபத்து.

2.12. போன். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து பேசினார்கள். வராந்தாவுக்கு ஓடினேன். மகளைக் கூட்டிவர மாமியாருக்கு வழி சொல்லியே நேரம் போயிற்று. அறைக்கு ஒரே கதவு. அதன் எதிரில்தான் நின்றேன். யாரும் உள்ளே போகவில்லை.

2.31. உள்ளே வந்தபோதுதான் அந்தக் கையின் ஞாபகமே வந்தது. அது மடியில் இருந்தது. அப்பாடா என்றிருந்தது. படிவத்தில் 'தானாக இறங்கியது' என்று எழுதினேன். அதாவது, அந்தத் தனி மாத்திரை அவளுக்குக் கிடையாது.

எத்தனை மணிக்கு இறங்கியது என்று குறிக்க, வீடியோவை ஓட்டினேன்.

2.13... கை அசையவில்லை.

2.17... அசையவில்லை.

2.19. வாய் மெல்வது நின்றது.

கிரீச்... நாற்காலி தேய்கிற சத்தம். அவள் நாற்காலி நகரவில்லை. அறையில் வேறு நாற்காலி இல்லை.

அவள் சட்டையின் கை அழுந்தியது. நான்கு இடத்தில்...

கை இறங்கியது. மெதுவாக. பிடித்து இறக்குவது போல...

யாரும் இல்லை.

படிவத்தைக் கிழித்துப் போட்டேன். வீடியோவை 2.12 வரை வெட்டி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"கை தானா இறங்கல டாக்டர்."

"பின்ன யார் இறக்குனா?"

"நான்தான்."

பொய். ஆனால் அந்த மாத்திரையை எழுதினார்.

மூன்றாம் நாள் அவள் பேசினாள். என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அக்கா, அன்னைக்கு ஒரு அம்மா வந்து என் கையை இறக்கிவிட்டாங்களே... ஒரே கையால. அவங்களோட இன்னொரு கை மேலேயே நின்னுச்சு. அதை யாரும் இறக்கிவிடலையா?"

பக்கத்துக் கட்டிலில் பெரிய சிஸ்டர் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். வார்டுக்கே மூத்தவர். மடித்து முடித்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"உனக்கு முன்னாடி அந்த வீடியோ வேலையை நான்தான் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை, ஒருத்தி கையைத் தூக்கி வச்சேன். யாரோ கூப்பிட்டாங்க. ஆள் உள்ள இருக்கிறதையே மறந்து கதவைப் பூட்டிட்டுப் போயிட்டேன். வார்டுல ஆளக் காணோம், ஓடிப்போயிட்டாள்னு ரெண்டு நாள் தெருத்தெருவா தேடினோம். நானும்தான் தேடினேன்."

"அப்புறம்?"

"திங்கக்கிழமை வந்து கதவைத் திறந்தேன். உயிர் இல்ல. கை மட்டும் இறங்கவே இல்ல."