தலைப்பாகையின் மறுமுனையைப் பிடித்தவன்

இதைக் கட்டுக்கதைன்னு நெனைக்கிறவங்க இப்பவே எழுந்து போயிடலாம். பாதியில யாராவது சிரிச்சா எனக்குக் கெட்ட கோபம் வரும். இது என் மச்சான் கேஹர் சிங்குக்கு நடந்தது. என் தங்கச்சியைக் கட்டினவன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதனாலயே பட்டாளத்துல கடைசி வரைக்கும் பதவி உயராம கிடந்தான்.

கைபர் கணவாய் வாசல்ல நம்ம சீக்கிய ராஜாவோட லாகூர் தர்பார் படை ஒரு கல் கோபுரம் கட்டி வச்சிருந்துச்சு. அதுல ஒரு கைப்பிடி ஆளுங்க காவல். சுத்தி மலை, மலை முழுக்க அஃப்ரீதிங்கிற பட்டாணிக் கூட்டம். நாம அவங்க ஊரைக் கொளுத்துவோம், அவங்க நம்ம ஆளைச் சுடுவாங்க. யார் முதல்ல ஆரம்பிச்சதுன்னு அப்பவே யாருக்கும் ஞாபகம் இல்லை. குளிர் ஆரம்பிச்ச சமயத்துல கேஹர் சிங்கோட அண்ணன் மெஹ்தாப் சிங் அந்தக் கோபுரத்துல இருந்து சுனைக்குத் தண்ணி எடுக்கப் போனான். போனவன் முதுகுல குண்டு பட்டு அங்கேயே செத்துக் கிடந்தான். கோபுரத்துக்குத் தலைவன் ஜமேதார் சந்தா சிங். தோர் குல்ங்கிற அஃப்ரீதிதான் சுட்டான், என் ரெண்டு கண்ணால பார்த்தேன்னு அவன் சத்தியம் பண்ணினான்.

கேஹர் சிங் அழலை. பழி வாங்காம அம்மா மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டு, மேல இருக்கிறவங்க காலைப் பிடிச்சு அதே கோபுரத்துக்கு மாத்தல் வாங்கிட்டுப் போனான். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. தாடி கூட ஒரே மாதிரி வளரும். இவன் உள்ளே நுழைஞ்சதும் சந்தா சிங் கையில இருந்த சட்டியைக் கீழே போட்டுட்டான். அண்ணன் மேல அவ்வளவு பாசம்னு இவன் நெனைச்சுக்கிட்டான். பாவம்.

பனி கொட்டிக்கிட்டு இருந்த ஒரு நாள் சாயங்காலம், கோபுரத்துச் சுவரை ஒட்டிப் பதுங்கிக் கிடந்த ஒருத்தனைப் பிடிச்சாங்க. தனி ஆள். இடுப்புல ஒரு கத்தி, அவ்வளவுதான். யாருன்னு பார்த்தா... தோர் குல்!

அங்கேயே வெட்டிடலாம்னு சந்தா சிங் குதிச்சான். ஆளை எனக்கு விடுங்க, விடிஞ்சதும் வெளிச்சத்துல அவன் முகத்தைப் பார்த்துத்தான் வெட்டுவேன்னு கேஹர் சிங் பிடிவாதமா நின்னான். கீழ் அறையில தூணோட சேர்த்துக் கட்டிப் போட்டாங்க. கேஹர் சிங் வாளைத் தீட்டி எடுத்துக்கிட்டுப் போய் அவன் எதிர்ல உட்கார்ந்தான். தோர் குல் பெஷாவர் சந்தையில வாதுமை வித்தவன், நம்ம பேச்சு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

"உங்க அண்ணன் மூக்கும் இதே மூக்குதான்"னான். "ஆனா மூளை அவனுக்குத்தான் போல."

கேஹர் சிங் ஓங்கி ஒரு அறை விட்டான். தோர் குல் வாயில வந்த ரத்தத்தைத் துப்பிட்டு நிதானமாச் சொன்னான்.

"உங்க அண்ணன் என் வீட்டு ரொட்டியைத் தின்னவன்டா. சுனைக்கு வர்றப்ப எல்லாம் உப்பு கொண்டு வருவான், நான் ரொட்டி குடுப்பேன். ரொட்டி குடுத்தவனைக் கொன்னா என் பொண்டாட்டியே என் மூஞ்சியில துப்புவா. அவன் என் விருந்தாளி. என் சுனையில செத்தான். அவனுக்காகப் பழி வாங்குறது என் கடமை. உன்னைத் தேடியா வந்தேன்? உங்க ஜமேதாரைத் தேடி வந்தேன்."

கோபுரத்து வெடிமருந்தைச் சந்தா சிங் ராத்திரியில மலைக்காரங்களுக்கு வித்தானாம். மெஹ்தாப் சிங் அதைப் பார்த்துட்டானாம். அதான் முதுகுல குண்டாம். உயிர் பயத்துல உளறுறான்னு கேஹர் சிங் எழுந்து வந்துட்டான். ஆனா தூக்கம் மட்டும் வரவே இல்லை.

விடியறதுக்கு முன்னாடி எழுந்து, உறையுற தண்ணியில குளிச்சான். ஜபம் சொல்லிக்கிட்டே முடியை வாரிக் கொண்டை போட்டான். தலைப்பாகைத் துணியை எடுத்தான். நம்ம பட்டாளத்துல எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. துணியோட ஒரு முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, மறுமுனையைப் பின்னால வீசுவோம். பின்னால யார் இருக்காங்களோ அவங்க பிடிச்சு விறைப்பா இழுத்துக்கணும். திரும்பிப் பார்க்கிறது கூடக் கிடையாது.

அவனும் வீசினான்.

துணி விறைச்சுச்சு.

சுத்த ஆரம்பிச்சான். ஒரு சுத்து... ரெண்டு சுத்து. காதுக்கு மேல துணி கொஞ்சம் தளர்ந்துச்சு. உடனே பின்னால இருந்து ரெண்டு தடவை சுண்டினாங்க. டக். டக். கேஹர் சிங் தானா இறுக்கிக்கிட்டான். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். 'காது பக்கம் தளர்ச்சி, பார்த்துக்கோ'ன்னு அர்த்தம்.

கை அப்படியே நின்னு போச்சு.

அந்த மாதிரி சுண்டுறது உலகத்துல ஒரே ஒருத்தன்தான்...

திரும்பினான். துணி நேரா, விறைப்பா, அந்தரத்துல நின்னுச்சு. மறுமுனையில யாருமே இல்லை.

அப்புறம் மெதுவாக் கீழே விழுந்துச்சு. முனையை எடுத்துப் பார்த்தான். நனைஞ்சு, பனி பிடிச்சு, நாலு விரல் அளவுக்குக் கசங்கி இருந்துச்சு.

ஓடிப் போய்த் தோர் குல்லைப் பார்த்தான். கட்டு அப்படியே இருக்கு. அவன் மட்டும் மாடிப்படியையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தான்.

"இப்பத்தானே நீ மேல போனே?"னான். "மறுபடியும் எப்படி இந்தப் பக்கம் வந்தே?"

கேஹர் சிங் படி ஏறினான்.

மொட்டை மாடியில அரை இருட்டு. கைப்பிடிச் சுவர்ல ஒரு பக்கம் பீரங்கிக் குண்டு பட்டு இடிஞ்சு பெரிய இடைவெளி. அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, சந்தா சிங் தலைப்பாகை கட்டிக்கிட்டு இருந்தான்.

"நல்லா இறுக்கிப் பிடிடா பிஷன்"னு பின்னால பார்க்காமலே சொன்னான்.

பிஷன் சிங்ங்கிற சிப்பாய் கீழே வாசல்ல காவல் நிக்கிறான். கேஹர் சிங்குக்கு அது தெரியும்.

துணி சந்தா சிங் தலையில இருந்து கிளம்பி... இடிஞ்ச இடைவெளியைத் தாண்டி... வெளியே போய் நின்னுச்சு. அந்தப் பக்கம் தரை கிடையாது. கீழே பள்ளத்தாக்குதான்.

கத்தணும்னு கேஹர் சிங் வாயைத் திறந்தான். அதுக்குள்ள...

துணி வெடுக்குன்னு இழுபட்டுச்சு.

"மெல்லடா, சனியனே." சந்தா சிங் ஒரு அடி பின்னால வந்தான். இன்னொரு இழுப்பு. இன்னொரு அடி.

திரும்பினான்.

யாரைப் பார்த்தானோ... சந்தா சிங் முகம் வெளிறிப் போச்சு.

"மெஹ்தாப்..." குரல் உடைஞ்சு வந்துச்சு. "உன்னை யாருடா மருந்து மூட்டையைப் பார்க்கச் சொன்னது? நீ பாட்டுக்குத் தூங்கியிருந்தா நான் ஏன்டா சுடப் போறேன்..."

கேஹர் சிங் திறந்த வாயை மூடிக்கிட்டான்.

ரெண்டு எட்டு வச்சா சந்தா சிங்கைப் பிடிச்சிருக்கலாம். பிடிக்கலை. ரத்தம் கொதிச்சுச்சாம். கையைக் கம்பளிக்குள்ள விட்டுக் கட்டிக்கிட்டு, கண்ணைக் கூட எடுக்காம நின்னு பார்த்தானாம்.

சுத்தின துணி நழுவிக் கழுத்துல இறங்குச்சு.

ஒரே இழுப்பு.

சத்தமே இல்லை.

ரொம்ப நேரம் கழிச்சு... கீழே, பாறையில... தொப்.

பனியில வழுக்கி விழுந்துட்டான்னு பெஷாவருக்குச் செய்தி போச்சு. தோர் குல் சொன்ன குகையில தர்பார் முத்திரையோட வெடிமருந்து மூட்டைங்க கிடைச்சுச்சு. கேஹர் சிங் அவன் கட்டை அறுத்து விட்டான். போறப்ப தோர் குல் கோபமாத்தான் போனான். எனக்குச் சேர வேண்டிய ஆளை உங்க அண்ணன் தட்டிட்டுப் போயிட்டான்னு புலம்பிக்கிட்டே மலை ஏறினானாம்.

இதோட முடிஞ்சிருந்தா நானும் பேசாம இருந்திருப்பேன்.

பல வருஷம் கழிச்சு, அமிர்தசரஸ் சந்தையில நானும் கேஹர் சிங்கும் போறப்ப பிஷன் சிங் எதிர்ல வந்தான். மெஹ்தாப் சிங்கை அவன் பார்த்ததே கிடையாது. மெஹ்தாப் செத்தப்புறம் கோபுரத்துக்கு வந்த ஆள். எங்களை ஓரமாக் கூட்டிட்டுப் போய், கேஹர் சிங்கைப் பார்த்துக் குரலைத் தணிச்சுக்கிட்டான்.

"அன்னிக்குக் காலையில நான் வாசல்ல இருந்து மேல பார்த்தேன் அண்ணே. நீங்கதான் இழுத்தீங்க. ரெண்டு கையாலயும், சிரிச்சுக்கிட்டே இழுத்தீங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. ஆனா சுவருக்கு வெளியில நின்னீங்களே... மறுநாள் போய்ப் பார்த்தேன். அந்த இடத்துல கால் வைக்க ஒரு கல்லு கூட இல்லை அண்ணே."

கேஹர் சிங் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு, என் முன்னால ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சான். ரெண்டுலயும் குறுக்கே ஒரு பழைய காயம், துணி உரசித் தோல் உரிஞ்ச தழும்பு. அன்னிக்குக் கையைக் கம்பளியில இருந்து எடுத்தப்பவே ரத்தம் வந்துக்கிட்டு இருந்துச்சாம்.

"நான் தொடவே இல்லை மச்சான்"னான். கையை மெதுவா மூடிக்கிட்டே, "தொட்டிருந்தாலும் சந்தோஷம்தான்"னான்.