டயர் மாற்றும் நேரமும் கணக்கில் சேரும்

வாடிக்கையாளர் சேவை என்பது, நாம் போடாத விதிமுறைக்கு நாம் திட்டு வாங்குகிற தொழில். வங்கிக் கவுண்டரிலோ, விமான நிலையத்திலோ, செல்போன் கடையிலோ நின்று ஒரு நாளைக்கு நூறு தடவை "சாரி சார்" சொல்லியிருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நிற்கிற கவுண்டர் அபுதாபிக்கு வெளியே, முசஃபா தாண்டி, ஒரு கார் பந்தய மைதானத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மட்டும் இங்கே ஸ்டாக் கார் பந்தயம் நடக்கும். வெளியே பார்த்தால் சாதாரணக் கார் மாதிரி இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் இரும்புக் குழாய்க் கூண்டும் ஒரே ஒரு சீட்டும்தான். ஞாயிறு பந்தயம். யார் முன்வரிசையில் நின்று கிளம்புவது என்பதைச் சனிக்கிழமைத் தகுதிச் சுற்று முடிவு செய்யும். போன வருடம் வரை ஒவ்வொரு காரும் காலியான பாதையில் தனியாக ஒரு சுற்று ஓடும். குறைந்த நேரத்தில் ஓடியவர் முதலிடம். குழப்பமே இல்லை.

இந்த வருடம் அதை மாற்றிவிட்டார்கள். இரண்டு கார்கள் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். ஒரு சுற்று ஓடி, பிட் என்கிற நிறுத்தத்துக்குள் வந்து, நாலு டயரையும் மாற்றிக்கொண்டு, இன்னொரு சுற்று ஓட வேண்டும். முதலில் வருகிறவர் அடுத்த கட்டத்துக்குப் போவார். மற்றவர் அத்தோடு சரி. டயர் மாற்றும் நேரமும் கணக்கில் சேரும்.

இதை ரசிகர்களுக்கு விளக்குவதும், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பந்தயப் பருவ முடிவில் டைரக்டருக்குச் சொல்வதும் என் வேலை. என் முதல் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். பருவம் முடியும்வரை தற்காலிகம். அதன்பிறகு நிரந்தரம் ஆக்குவார்கள், இல்லையென்றால் விசாவை ரத்து செய்து அனுப்பிவிடுவார்கள். கவுண்டருக்குப் பொறுப்பான நிர்மலா அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்தப் புதுமுறை டைரக்டரின்ர சொந்த யோசனை. சனம் சொல்லுறதை அப்படியே சொல்லும். ஆனா சொல்ல முந்தி ஒருக்கா மூச்சு விட்டிட்டுச் சொல்லும்."

யாரைத் திட்டுவது?

சலீம் பாய் கீழக்கரைக்காரர். ஷார்ஜா ரோலாவில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். சனிக்கிழமை விடுமுறை கிடைக்கிற அபூர்வமான மனிதர். இரண்டு பஸ் மாறி வருவார். பல வருடங்களாக அவருக்கு நீலக் கார்தான். நீலக் கார் தகுதிச் சுற்றில் முன்வரிசைக்குக் கீழே இறங்கி அவர் பார்த்ததில்லையாம்.

புதுமுறையின் முதல் சனிக்கிழமை, நீலக் கார் கண்ணுக்கெட்டாத தூரம் முன்னால் ஓடி பிட்டுக்குள் வந்தது. மூன்று டயர் ஏறிவிட்டது. நாலாவது டயரின் நட்டு உட்காரவில்லை. பின்னால் வந்த கார் நிதானமாக டயர் மாற்றிக்கொண்டு போயே போய்விட்டது. சலீம் பாய் நேராக என்னிடம் வந்தார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, "இது குழு விளையாட்டு சார், டிரைவரோடு சேர்ந்து டயர் மாற்றுபவர்களும் ஜெயிக்க வேண்டும்" என்றேன். குரலை உயர்த்தாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல அவர் கேட்டார்: "டிரைவர் தப்புப் பண்ணா டிரைவரைத் திட்டலாம். இன்ஜின் நின்னா கம்பெனியைத் திட்டலாம். நட்டை என்னன்னு தம்பி திட்டுறது?"

நல்ல டயர்

துபாயின் அல் குசைஸிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, எட்டு வயது இருக்கக்கூடிய ஒரு பெண். அப்பாவுக்கு நான் விதிமுறையை விளக்கிக்கொண்டிருந்தேன். நானே வரைந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு, அம்புக்குறியெல்லாம் காட்டி, நன்றாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன். அப்பா தலையாட்டினார். பெண் தலையாட்டவில்லை. "அங்கிள், ஒரு லாப்தான் போச்சு. டயர் நல்லாத்தானே இருக்கு? ஏன் மாத்தணும்?" என்றாள்.

என்னை அங்கிள் என்று ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த அதிர்ச்சியிலிருந்து மீளாமலே, "தேய்ந்துவிடும், அதனால்தான்" என்றேன். "ஒரு லாப்புலயா? எங்க அப்பா கார் டயர் ஸ்கூல் ஸ்டார்ட் ஆனதுலேருந்து அதேதான்" என்றாள். அவள் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பொய் சொல்லிச் சமாளிக்க எனக்கு வரவில்லை. "கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். அவளுக்கு ஏமாற்றமே இல்லை. ஏதோ ரகசியம் கண்டுபிடித்த மாதிரி கண் விரிய, என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்: "அப்போ உங்களுக்கும் தெரியாதா, அங்கிள்?"

முதுகு

முசஃபாவில் ஒரு கராஜிலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருவார்கள். எல்லோரும் புதுக்கோட்டைப் பக்கம். செல்வராசு அண்ணன்தான் அவர்களுக்குத் தலைவர். அந்த கராஜில் வேலை பார்க்கிற குமரேசன், பருவத்தில் மட்டும் பச்சைக் கார் அணிக்கு டயர் மாற்றப் போவார். பச்சைக் கார் ஓடும்போது இவர்கள் ஊருக்கு வீடியோ கால் போடுவது வழக்கம். போன வருடமெல்லாம் குமரேசன் மனைவிக்குக் கால் போட்டு, தூரத்தில் போகிற காரைக் காட்டி, "உன் வீட்டுக்காரன் டயர் மாட்டுன வண்டிம்மா" என்று சொல்வார்களாம். அந்த அம்மா "சரிண்ணே, சரிண்ணே" என்று பொறுமையாகப் பார்க்குமாம். ஒரு வெற்றுப் பாதையில் ஒரு பச்சைப் புள்ளி.

இந்த வருடம் கதையே வேறு. பச்சைக் கார் பிட்டுக்குள் வந்ததும் செல்வராசு அண்ணன் போனைக் கம்பிவலை இடைவெளியில் சொருகிவிட்டார். இந்த நாட்டில் வீடியோ காலுக்கு அனுமதி உள்ள அந்த ஒரு ஆப்பில் படம் விட்டுவிட்டுத்தான் வரும். ஆனால் அன்றைக்குத் தெளிவாக வந்தது. குமரேசன் ஓடி வந்து, குந்தி உட்கார்ந்து, கையிலிருந்த மிஷினால் நட்டைக் கழற்றி, டயரை உருவி, அடுத்ததை மாட்டினார். "டேய் மாப்ள, அப்புடித்தான்டா! முடுக்கு! முடுக்கு!" என்று பக்கத்தில் ஒரே கத்தல். அவர்கள் போட்ட சத்தத்தில் நானும் என் கவுண்டரை விட்டு ஓடிப்போய் வலைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். பச்சைக் கார் பிட்டை விட்டு முதலில் கிளம்பி, அடுத்த சுற்றையும் முதலில் முடித்தது. எல்லோரும் குதித்தார்கள். போனுக்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது: "ஜெயிச்சதெல்லாம் இருக்கட்டும்ணே. இம்புட்டு நேரமும் முதுகுதான் தெரிஞ்சுச்சு, இந்தப் பக்கம் ஒரு தடவ திரும்பச் சொல்லுங்க."

எந்த கராஜ்?

வெள்ளைக் கந்தூரா உடுத்திய ஓர் எமிராத்தி இளைஞர் என் கவுண்டரை நோக்கி வந்தார். நான் அரபியில் மனப்பாடம் செய்து வைத்திருந்த வரவேற்பு வாக்கியம் அந்த நிமிடம் மறந்துபோனது. அவர் என் தவிப்பைப் பார்த்துவிட்டு, "கோயி பாத் நஹி, பாய்", பரவாயில்லை என்று, என்னைவிட நல்ல ஹிந்தியில் ஆரம்பித்தார். விதிமுறை பற்றிப் புகார் என்று நினைத்து நோட்டீஸை எடுத்தேன். அவர் அதை வாங்கவே இல்லை. பிட் பக்கம் கையைக் காட்டி, ஹிந்தியில் கேட்டார்: "என் வண்டிக்கு நாலு டயர் மாற்ற அரை நாள் உட்காரவைக்கிறார்கள். பச்சைக் காரில் மாற்றுகிற அந்த ஆள் எந்த கராஜ்?"

இரண்டு நிமிடம்

எங்கள் மைதானத்தின் ஆப்பில் ஒரே பெயரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு செய்தி வரும். "பழைய முறையே போதும். கெடுத்துட்டீங்க." எல்லா வாரமும் இதுதான். கோபக்காரர்களை அழைத்துப் பேச வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. எனக்கோ தெரியாத எண்ணுக்குப் போன் செய்வதென்றால் பயம். ஒரு மதியம் துணிந்து அழைத்தேன். எடுத்தவர் திருநெல்வேலிக்காரர். துபாயில் ஒரு கட்டடத்தில் செக்யூரிட்டி. அவர் பயந்துவிட்டார். "சார், கமெண்ட் போட்டது தப்பா சார்? அழிச்சிருதேன்" என்றார். இல்லை, காரணம் தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லிப் புரியவைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

ஒரு தடவைகூட அவர் மைதானத்துக்கு வந்ததில்லை. சனிக்கிழமை முழுக்க டூட்டி. போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சூப்பர்வைசர் மாடிக்குப் போகும்போது நேரலையைப் பார்ப்பாராம். "டூட்டி நேரத்தில் பார்க்கலாமா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "பழைய முறைல ரெண்டு நிமிசம் கெடச்சாப் போதும் சார், ஒரு காரை ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் முழுசாப் பாத்துருவேன். இப்போ டயரை மாத்தி அவன் வெளிய வாரதுக்குள்ள சூப்பர்வைசர் கீழ வந்துருதான்."

அப்பாவின் சந்தேகம்

அப்பா ஊரில் எல்லோரிடமும் நான் கார் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை. அவர் செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறவர். வேலை என்றால் என்ன செய்கிறோம் என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும் அவருக்கு. ஒரு வெள்ளிக்கிழமை பொறுமையாகத் தகுதிச் சுற்றை விளக்கினேன். "பந்தயத்துக்கு முன்னாடி ஒரு பந்தயம்பா. அதுல ஜெயிச்சா மறுநாள் நெசப் பந்தயத்துல முன்னாடி நிக்கலாம். அவ்வளவுதான், பரிசு கெடையாது."

"முன்னாடி நின்னா ஜெயிச்சிருவானா?" என்றார். அப்படி உறுதி இல்லை என்றேன். "பின்னாடி நின்னா தோத்துருவானா?" அதுவும் இல்லை என்றேன். பிறகு கேட்டார்: "அப்போ நீ இப்ப ஓடிக்கிட்டிருக்கிறது எந்தப் பந்தயம்ப்பா, முன்னாடி நடக்கிறதா, நெசமானதா?"

ஒரே வார்த்தை

பருவத்தின் கடைசி வாரம் டைரக்டர் கூப்பிட்டார். நிர்மலா அக்காவும் என்னோடு வந்தார். டைரக்டர் வெள்ளைக்காரர், சுற்றி வளைத்துப் பேசாதவர். "ரசிகர்களுக்குப் புதுமுறை பிடித்திருக்கிறதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்" என்றார். "பெரும்பாலும் பிடித்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று அறையில் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன். வாயைத் திறந்தபோது அது வரவில்லை. ஒருக்கா மூச்சு விட்டேன். "என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கவில்லை, சார்" என்றேன். கவுண்டருக்கு வராமல் சந்தோஷமாக வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன், அதுவும் உண்மை என்பதால். என் விசா என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் பாதியில் நிறுத்தினால் அது அரை உண்மையாகிவிடும். அதனால் தொடர்ந்தேன். "போன வருடம் சனிக்கிழமைகளில் இந்தக் கவுண்டரில் கழிவறை எங்கே, பார்க்கிங் எங்கே என்று மட்டும்தான் கேட்பார்களாம். இந்த வருடம் டயரைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகுதான் கழிவறை ஞாபகம் வருகிறது, சார். பிடிக்கவில்லை என்று திட்டிவிட்டுப் போகிறவர்கள் அடுத்த சனிக்கிழமையும் வருகிறார்கள். மறுபடி திட்டுகிறார்கள். போன வாரத்தைவிட விவரமாகத் திட்டுகிறார்கள்."

டைரக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த "விவரமாக" என்பதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் சிரித்தாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, உதடு அசைந்தது. பிறகு நிர்மலா அக்கா பக்கம் திரும்பி, அடுத்த பருவத்துக்கு இதையும் மாற்றப்போவதாகவும், எந்தக் காரோடு எந்தக் கார் மோதுவது என்பதை ரசிகர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள் என்றும் சொன்னார். "அதை விளக்க ஆள் வேண்டும். இவரையே நிரந்தரமாக்கிவிடுங்கள்" என்று அவர் சொன்னது எனக்கு இரண்டு விநாடி கழித்துத்தான் புரிந்தது. வெளியே வந்ததும் நிர்மலா அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்: "வேலை கிடைச்சிட்டுது, தம்பி. இனிப் பேச்சு வாங்கிறதும் நிரந்தரம்."

ஆகையால் அடுத்த குளிர்காலம் வருவதற்குள் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: வரப்போகிற புதுமுறை எல்லோருக்கும் பிடித்துத் தொலைத்துவிடக் கூடாது.