இடப்பக்கத்துக் குழியின் இடுப்பெலும்பு

அய்யாக்கண்ணுவைப் பினாங்கு ஜார்ஜ் டவுனில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. சுடுகாட்டில் பிணம் எரிப்பதும், மறுநாள் காடாற்றுக்கு வருகிறவர்களுக்கு எலும்பு பொறுக்கிக் கொடுப்பதும் அவர் வேலை. வாய்த்துடுக்கு என்று இரண்டு புகார்கள் போயிருந்தன. மூன்றாவது வந்தால் வேலை இல்லை என்று நிர்வாகத்தார் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முன் ஏழு வருடம் ஆஸ்பத்திரிப் பிணவறையைக் கூட்டியவர். டாக்டர்கள் பாடத்துக்கு வைத்திருந்த எலும்புகளைத் துடைத்துத் துடைத்து இடுப்பெலும்பு அவருக்கு மனப்பாடம். சிறு வயதில் மூன்று துண்டாக இருந்து, வளர வளர ஒன்றாகிவிடும் எலும்பு அது. தொடையெலும்பின் தலை உட்கார ஒரு கிண்ணம்; அதற்குப் பின்னால் வளைவாக ஒரு வெட்டு. ஆணின் வெட்டில் கட்டைவிரல் இறுகி நிற்கும். பெண்ணுடையதில் தாராளமாக ஆடும்.

1931 ஐப்பசியில் ஒரு மாலை இரண்டு சிதைகள் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன. ஒன்று துணிக்கடை சொக்கநாதனுடையது. மற்றது சுங்கை பினாங்கில் குடியிருந்த தெருக்கூட்டும் முனுசாமியின் மனைவி தெய்வானையுடையது. கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. சொக்கநாதனின் மகன் சிதம்பரநாதனும் பார்க்காமல் போனார். இரவு மழையில் முன்வாசல் சேறாகிவிட, காலையில் உறவினர் ஆறு பேரோடு பின்வாசல் வழியாக வந்தார். நேற்று இடப்பக்கம் இருந்த அப்பாவின் குழி இன்று வலப்பக்கம் ஆகிவிட்டதை யோசிக்கவில்லை. இடப்பக்கத்துக் குழியிலேயே பாலை ஊற்றிவிட்டார்.

"நிறுத்துங்க மொதலாளி. உங்கப்பா அந்தப் பக்கம்."

"காலங்காத்தாலயே கள்ளா? எங்கப்பா எங்கன்னு எனக்குத் தெரியாது?"

அய்யாக்கண்ணு சாம்பலில் கைவிட்டு ஓர் இடுப்பெலும்பை எடுத்து, அதன் வெட்டில் கட்டைவிரலை வைத்தார். "பாருங்க, வெரலு ஆடுது. இது பொம்பள."

"எங்கப்பாவப் பொம்பளங்கிறியா, நாயே?"

"மாமா கொஞ்சம் பருத்த ஒடம்புலா," என்றார் ஓர் உறவினர்.

"பருத்த ஒடம்பு நேத்தே எரிஞ்சு போச்சு. இது எலும்பு."

வலப்பக்கத்துக் குழியிலிருந்து இன்னொன்றை எடுத்து விரலை நுழைத்தார். அசையவில்லை.

அப்போது முனுசாமி தகரக் குவளையில் பாலும், எலும்புக்கு ஒரு மண்கலயமுமாக வந்தான். பால் படிந்த சாம்பலைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எம் பொஞ்சாதிக்கு எவன் பால் ஊத்துனது?" சிதம்பரநாதன் கையிலிருந்த காலிச் செம்பைப் பார்த்தான். "எங்களுக்குப் புள்ளயில்ல. இப்பத்தான் வந்திருக்கு. பதினாறு நாள் தீட்டு காக்கணும் தம்பி, மறந்துறாத."

சிதம்பரநாதன் அய்யாக்கண்ணுவைத் தனியே இழுத்தார். "இதுதான் எங்கப்பா குழின்னு சொல்லு. தோட்டி பொண்டாட்டிக்கு நான் காரியம் செஞ்சேன்னு கடைத்தெருவுல பேச்சு வரக் கூடாது. சொல்லலேன்னா நாளைக்கு நீ இங்க இல்ல."

"உங்க மானத்துக்காக அவன் பொண்டாட்டிய நீங்க கடல்ல கரைப்பீங்களா?" என்று உரக்கக் கேட்டுவிட்டு, அய்யாக்கண்ணு தெய்வானையின் எலும்பை முனுசாமியின் கலயத்தில் போட்டார்.

மத்தியானமே மூன்றாவது புகார் போயிற்று: குடித்துவிட்டு எலும்புகளைக் கலந்துவிட்டான். உறவினர் ஆறு பேரும் அதையே சொன்னார்கள். வேலை போயிற்று.

வலப்பக்கத்துக் குழிக்குச் சிதம்பரநாதன் வரவேயில்லை. வந்தால் காலையில் செய்ததை ஒப்புக்கொண்டதாகும். சுடுகாட்டுச் சாவியை ஒப்படைக்கும் முன் அய்யாக்கண்ணுவே சொக்கநாதனைக் கால் முதல் தலை வரை முறையாகப் பொறுக்கி, கடலுக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் மகனை வைதார். கரைத்து முடித்த பிறகு அப்பனையும் வைதார்.