சம்பந்தி வீட்டாரும் எங்கள் வீட்டு ஞாயிறும்

எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், பழைய சர்ச்சின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்த காலம் எவ்வளவோ நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தலைவலி.

"வீட்டுலயே கூடுறோம்" என்பேன். உடனே அடுத்த கேள்வி வரும். என்ன சண்டை? சண்டை ஒன்றும் இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை. போதகரோடு மனஸ்தாபமா, கமிட்டி தேர்தலில் வீட்டுக்காரர் தோற்றுவிட்டாரா என்று துருவுவார்கள். கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண், கத்தோலிக்கர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் மனசுல வச்சுக்காதீங்க அக்கா" என்று ஆறுதல் சொன்னாள். நடக்காத சண்டைக்கு ஆறுதல். அன்று கோபத்தில் சாப்பாட்டு டப்பாவை கேன்டீனிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். நோய்த்தொற்றுக் காலத்தில் சர்ச்சுகள் பூட்டிக் கிடந்தன. கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும், ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருந்த சில கிறிஸ்தவக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் கூட ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரர் கல் உடைக்கும் கல்மலையில் லாரி ஓட்டுகிறவர். ஹாலில் இருக்கும் சோபாவை அவர் சுவரோரம் தள்ளுவார், நான் பிளாஸ்டிக் நாற்காலி போடுவேன். பாடுவோம், வேதத்தில் ஒரு பகுதியை வாசிப்போம், அதைப் பற்றிப் பேசுவோம். கர்த்தரின் பந்தியாக அப்பத்தையும் திராட்சைச் சாற்றையும் கைக்குக் கை கொடுப்போம். பிறகு அரிசிச் சேமியாவில் வறுத்த மீஹூன் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம்.

அங்கே ஒரு விஷயம் நடந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைக்கும் அக்கா ஒருவர் எங்களோடு கூடினார். கோப்பெங் பக்கத்து எஸ்டேட் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது எங்கள் தாமானுக்கு வந்தவர். பழைய சர்ச்சில் எத்தனையோ வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. எங்கள் ஹாலில் ஒரு நாள் வாயைத் திறந்து ஜெபித்தார். அவருடைய வார்டில் கிடந்த, பார்க்க யாரும் வராத ஒரு கிழவருக்காக. ஜெபம் போலவே இல்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல் இருந்தது. சர்ச்சுகள் திறந்த பிறகு, நாங்கள் திரும்பிப் போகாததற்கு அதைத்தான் காரணமாகச் சொல்ல முடியும். ஆனால் அதைச் சொன்னால் கேட்பவர்கள், "சரி, உண்மையில என்ன நடந்துச்சு?" என்கிறார்கள்.

இதெல்லாம் எரிச்சலோடு போயிருக்கும். என் மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் அந்தக் கேள்வி வீட்டுக்குள் நுழைந்தது.

மகள் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். பையனும் அதே கிளினிக்தான். நல்ல பையன், இரண்டொரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிவிட்டுப் போனவன். அவன் குடும்பம் தலைமுறையாக ஒரே சர்ச். அப்பா பள்ளிக்கூடத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச்சில் மூப்பராகப் பொறுப்பில் இருப்பவர். அவர்கள் பேச வந்த சனிக்கிழமை நான் காலையிலிருந்தே வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. மூப்பர் தன் சிறு வயதைப் பற்றிச் சொன்னார். ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்தில் ஒரு எஸ்டேட். போதகர் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அவருடைய அப்பா லயத்து வரிசை வீட்டு வாசலில் பாய் விரித்து, அக்கம்பக்கத்து ஜனங்களைக் கூப்பிட்டு ஜெபம் நடத்துவாராம். "எங்க விசுவாசம் அந்தப் பாயில வளந்ததுதான் தங்கச்சி" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

எனக்கு அப்படியே மனம் குளிர்ந்துவிட்டது. நீங்கள் எந்தச் சர்ச் என்று அவர் கேட்டதும், சந்தோஷமாகவே சொன்னேன்: "உங்க அப்பா செஞ்சதத்தான் அண்ணே நாங்களும் செய்றோம். இந்த ஹாலுதான்."

அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். மின்விசிறி, தொலைக்காட்சி, மூலையில் துணி காயப்போடும் கம்பி.

"அது வேற" என்றார்.

"எப்படிண்ணே வேற?"

"அப்ப எங்களுக்குச் சர்ச் இல்ல. இல்லாததால பாய் விரிச்சோம். உங்களுக்குக் கார்ல ஏறினா பத்து நிமிஷத்துல சர்ச் இருக்கு."

நான் வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் போன பிறகுதான், சமையலறையில் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நல்ல நல்ல பதிலாக வந்தது. உங்கள் அப்பா அதை இல்லாமையால் செய்தார் என்றால் அதைச் சொல்லும்போது ஏன் உங்களுக்குக் கண் கலங்குகிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குள் அவர் ஞானஸ்நானம் யார் கொடுக்கிறார்கள், போதகர் யார், யாருக்கு நீங்கள் கணக்கு ஒப்புவிக்கிறீர்கள், தப்பாகப் போதித்தால் யார் திருத்துவார்கள், செத்தால் யார் அடக்கம் செய்வார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுவிட்டிருந்தார். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஒரு கேள்விக்கு நான் பாதி பதில் சொல்வதற்குள் அடுத்ததற்குப் போனதுதான் தாங்க முடியவில்லை. பையன் தலையைக் குனிந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். எங்கள் ஹாலில் உட்கார்ந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரரோ, "டீ ஆறுது, குடிங்கண்ணே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது நான் பையனின் அம்மாவிடம், ஒரு ஞாயிறு வந்து பார்த்துவிட்டு எதுவானாலும் சொல்லுங்கள் அக்கா என்றேன். மூப்பர், அந்த நேரம் தனக்குச் சர்ச் இருக்கிறது என்றார். ஆனால் அந்த அம்மா வந்தார்.

பட்டுப் புடவை கட்டி, வேதப் புத்தகப் பையோடு, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று வாசித்தது யோபுவின் புலம்பல். கல்மலையில் வேலை செய்யும் ஒரு தம்பி, தனக்கு இந்த இடம் புரியவே இல்லை, கடவுள் ஏன் நேராகப் பதில் சொல்லவில்லை என்றான். ஆளுக்கு ஒன்று சொன்னோம். யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. அப்படியே அதை விட்டுவிட்டோம். அந்த அம்மா முகம் முகமாகப் பார்த்தார், யார் எழுந்து முடித்து வைக்கப் போகிறார் என்று. யாரும் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி அக்கா அப்பத் தட்டை அவரிடம் நீட்டியபோது, ஒரு கணம் தட்டைப் பார்த்துவிட்டு, போதகர் இல்லாத பந்தி என்றோ என்னவோ, தொடாமல் அடுத்தவருக்கு நகர்த்தினார். நான் பார்க்காதது போல் இருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் கலகலப்பாகத்தான் பேசினார். மீஹூனை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது என் தோளைத் தொட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சு, மனசுக்கு எதமா இருந்துச்சு" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்குள் கேட்டார்:

"ஆமா, அப்ப சர்ச்சுக்கு எத்தன மணிக்குப் போவீங்க?"

என் வீட்டுக்காரர் அன்று பகல் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து அவர்கள் சர்ச்சின் போதகரைப் பார்க்கப் போனோம். இளம் வயது, சாந்தமான மனிதர். மகளுக்குக் குழந்தைப் பருவத்தில் பழைய சர்ச்சில் ஞானஸ்நானம் ஆகியிருந்ததால் அதில் சிக்கல் இல்லை என்றார். பிறகு, இந்தச் சில வருஷமாக எங்கே ஆராதனை என்று கேட்டார். வீட்டில் என்றாள் மகள்.

"அப்ப நடுவுல ஒரு இடைவெளி இருக்கு" என்றார் போதகர். "அங்கத்தினர் வகுப்புக்கு வந்தா சரியாயிடும்."

"அது இடைவெளி இல்லைங்கய்யா" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அந்த வருஷங்கள்லதான் அவ சொந்தமா ஜெபிக்கக் கத்துக்கிட்டா."

அவர் தலையாட்டினார். மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, மேலே பேசியிருக்கலாம். அன்பாகத் தலையாட்டிவிட்டு, வகுப்பு எந்தக் கிழமை என்று சொன்னார். கைக்குழந்தையாக, ஒன்றும் தெரியாமல் அவள் பெற்றது செல்லும். வளர்ந்து, தெரிந்து, அவளே தேடிக்கொண்டது இடைவெளி. இதை எப்படிச் சொன்னால் அவருக்கு விளங்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

காரில் திரும்பும்போது நான் விடாமல் பேசிக்கொண்டே வந்தேன். அந்த வகுப்புக்குப் போகவே வேண்டாம், பதிவு இலாகாவில் எழுதிவிட்டு நம் ஹாலிலேயே ஜெபித்துக் கல்யாணத்தை முடிக்கலாம் என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த மகள் முடியும்வரை கேட்டாள்.

"அம்மா, நான் வகுப்புக்குப் போறேன். எனக்கு அது ஒரு கஷ்டமும் இல்ல. நீங்க சண்ட போடாதீங்க, போதும்லா."

சண்டை. அவளும் அந்த வார்த்தையைத்தான் சொன்னாள்.

கல்யாணம் அவர்கள் சர்ச்சிலேயே நடந்தது. நன்றாகத்தான் நடந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஹால் ஜனங்கள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூப்பர் தன் உறவினர்களிடம் அவர்களை "பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சவங்க" என்று அறிமுகப்படுத்தினார். எங்களைச் சபை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மகள் இப்போது ஞாயிறு காலையில் அங்கே போகிறாள். எப்போதாவது சாயங்காலம் இங்கே வந்து, மிச்ச மீஹூனைச் சாப்பிட்டபடி காலையில் என்ன பேசினோம் என்று கேட்பாள். சொல்வேன்.

சில மாதம் கழித்துப் பையனின் அம்மா போன் செய்தார். முழங்காலில் ஆபரேஷன், பயமாக இருக்கிறது என்றார். சிறிது தயங்கிவிட்டுக் கேட்டார்.

"உங்க வீட்டுல எல்லாரும் உக்காந்து ஜெபிப்பீங்கல்ல, அதுல என்னையும் சொல்லுங்க. அந்த ஆஸ்பத்திரி அக்காவ ஜெபிக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்."

சரி அக்கா என்றேன். போனை வைத்த பிறகு சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. சந்தோஷம்தான் வரவில்லை. ஒளித்து வைத்துக் கேட்க வேண்டிய காரியமா இது? ஆனாலும் ஞாயிறன்று அவருக்காக ஜெபித்தோம். ஆஸ்பத்திரி அக்கா, டாக்டர் கை நடுங்காமல் இருக்க வேண்டும், அந்த டாக்டருக்கு அன்று வீட்டில் யாரோடும் வாக்குவாதம் இருக்கக் கூடாது என்றெல்லாம் நீளமாகக் கேட்டார்.

ஆபரேஷன் முடிந்து நாங்கள் பார்க்கப் போனபோது, மூப்பர் கட்டிலருகே நின்றிருந்தார். ரொம்ப உற்சாகமாக இருந்தார். "சபை முழுக்க ஜெபிச்சாங்க தங்கச்சி. இதுக்குத்தான் சொல்றது, ஒரு சபைன்னு இருக்கணும்" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு போர்வையைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

சொல்லிவிட எல்லாம் வந்தது, அப்பத் தட்டு, இடைவெளி, போன். அந்த அம்மாவின் கை போர்வையிலேயே இருந்தது. நான், "வலி எப்படி இருக்கு அக்கா?" என்று மட்டும் கேட்டேன். பரவாயில்லை என்றார். என் வீட்டுக்காரர் மூப்பரிடம் கார் நிறுத்த இடம் கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.